வீசாக் கட்டணம் கட்டுமுன்: கரையோர வீடுகளுக்குச் சில கணக்குகள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நமது ஊர்களில் வெளிநாட்டு அலுவல் ஒன்று ஓடாத வீடு குறைவு. ஒரு வீட்டில் மகன் லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறார். இன்னொரு வீட்டில் உம்மா, மகளின் பிரசவத்துக்கு மெல்பனுக்குப் போக வேண்டும். மற்றொன்றில் வாப்பாவை வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிப்போக வேண்டும். வீசாக் கட்டணம் எவ்வளவு என்பதை அந்தந்த அரசாங்கம் தீர்மானிக்கிறது, அதில் பேரம் பேச இடமில்லை. ஆனால் அதே கட்டணத்தை இரண்டு வீட்டார் இரண்டு வழியில் கட்டினால், ரூபாக் கணக்கில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் இந்தக் குறிப்புகள். தொகைகள் நான் குறிப்பிடும் திகதியில் இருந்தவை. கட்டும் நாளில் அரசாங்கத் தளத்தில் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவு?" அல்ல, "எந்த நாணயத்தில் கழிப்பார்கள்?" என்பதே. பிரித்தானியா தன் கட்டணங்களைப் பவுணில் அறிவிக்கிறது. ஆனால் இலங்கையிலிருந்து விண்ணப்பிப்பவரின் கார்டில் அமெரிக்க டாலரில் கழிக்கிறது. பவுணை டாலராக்கும் விகிதத்தையும் அவர்களே வைக்கிறார்கள், அது சந்தை விலையைவிடச் சற்று கூடத்தான் இருக்கும். அவுஸ்திரேலியா தன் டாலரிலும் கனடா தன் டாலரிலும் கழிக்கின்றன. இந்தியாவின் இ-வீசா அமெரிக்க டாலரில். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் யூரோவில் சொல்லிவிட்டு, கொழும்பு விண்ணப்ப நிலையத்தில் பெரும்பாலும் ரூபாவாக வாங்கிக்கொள்கின்றன. இது தெரிந்தால்தான் எந்தக் கார்ட் லாபம் என்று சொல்ல முடியும்.

2. வங்கியில் "டாலர் இன்றைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பலகையில் போட்டிருக்கும் விலை வேறு, கார்டில் கழியும் விலை வேறு. கார்டில் மூன்று சுமைகள் ஏறும். விசா அல்லது மாஸ்டர்கார்ட் நிறுவனத்தின் மாற்று விகிதம் ஒன்று, அதற்கு மேல் உங்கள் வங்கி போடும் நாணய மாற்றுக் கட்டணம் ஒன்று, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான அரசாங்க முத்திரைத் தீர்வை இன்னொன்று. முதலாவதை அந்த நிறுவனங்களின் இணையத்தளத்திலுள்ள கணிப்பானில் நீங்களே பார்க்கலாம். மூன்றாவது சட்டத்தால் வருவது. இரண்டாவதுதான் வங்கிக்கு வங்கி மாறுவது. அதைக் கேளுங்கள். ஒரே வங்கியிலேயே டெபிட் கார்டுக்கு ஒன்று, கடனட்டைக்கு ஒன்று என்று இருக்கவும் கூடும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் கட்டண அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு வங்கியும் அதை வெளியிட்டிருக்கிறது. கல்முனை பிரதான வீதியில் இறங்கினால் அரை மணி நேரத்தில் நாலு வங்கியில் கேட்டுவிடலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

3. "நூற்றுக்கு இரண்டு மூன்றுதானே" என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிரித்தானிய மாணவர் வீசாக் கட்டணம் 2025 ஏப்ரல் 9இல் 524 பவுண் ஆனது, கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம். அதோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்புக்கு வீசா பன்னிரண்டு மாதத்தோடு நிற்காது, படிப்பு முடிந்த பின்னும் சில மாதம் கொடுப்பார்கள். அதனால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண் கட்ட வேண்டிவரும். இரண்டும் சேர்ந்து 1,688 பவுண். பவுண் 400 ரூபா என்று வைத்துக்கொண்டால் 675,200 ரூபா. இதில் நூற்றுக்கு ஒன்று என்பதே 6,752 ரூபா. ஒரு வங்கி மற்றதைவிட நூற்றுக்கு இரண்டு கூட எடுத்தால் 13,504 ரூபா. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் பிள்ளையும் வாப்பாவுமாகப் போய்வரும் செலவு அதற்குள் அடங்கும்.

4. கட்டார், சவூதி, துபாய் என்று வீட்டில் யாராவது உழைத்தால் இந்தக் குறிப்பை இரண்டு தடவை வாசியுங்கள். அவர் அனுப்பும் காசை வங்கி, வாங்கும் விலையில் ரூபாவாக்கித் தருகிறது. அதே காசில் வீசாக் கட்டணம் கட்டும்போது விற்கும் விலையில் திரும்ப டாலராக்குகிறது. வாங்குவது 297, விற்பது 305 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலருக்கு எட்டு ரூபா போய்விட்டது. 2,000 டாலருக்கு 16,000 ரூபா. கார்ட் கட்டணம் அதற்கு மேல்.

இதைத் தவிர்க்க வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று போதும். பழைய ஆட்கள் இன்னும் என்.ஆர்.எஃப்.சி. என்றே சொல்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு அதன் இடத்தில் இருப்பது தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு, பி.எஃப்.சி. அனுப்பும் காசில் ஒரு பங்கை அதில் டாலராகவே வைத்திருக்கலாம். சில வங்கிகள் அந்தக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டும் தருகின்றன. பிரித்தானியாவும் இந்தியாவும் டாலரில்தான் கழிக்கின்றன, ஆகவே டாலர் கணக்கிலிருந்து டாலர் போகும், நடுவில் ரூபா வராது. என் கணிப்பில் நமது ஊர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஒன்று மட்டும்: வீசா தேவைப்படும் வாரத்தில் போய்க் கணக்குத் திறக்க நினைக்காதீர்கள். கார்ட் கையில் வர நாள் எடுக்கும். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே திறந்துவையுங்கள்.

5. அவுஸ்திரேலியாவுக்குத் தனிக் கணக்கு. அங்கே கட்டணத்துக்கு மேல் "கார்ட் மேலதிகக் கட்டணம்" என்று ஒன்று உண்டு. விசா, மாஸ்டர்கார்ட் என்றால் நூற்றுக்கு 1.4 அளவில், பேபால் என்றால் 1 அளவில். மாணவர் வீசா 2025 ஜூலை 1 முதல் 2,000 அவுஸ்திரேலிய டாலர். கார்டில் கட்டினால் மேலதிகமாக 28 டாலர், பேபாலில் 20 டாலர். எட்டு டாலர் மிச்சம் என்று பேபாலுக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பேபாலில் இலங்கை ரூபா கிடையாது. அது அவுஸ்திரேலிய டாலரைத் தன் விகிதத்தில் அமெரிக்க டாலராக்கி உங்கள் கார்டுக்கு அனுப்பிவிடக்கூடும். அந்த விகிதத்துக்குள்ளேயே நூற்றுக்கு மூன்று நாலு ஒளிந்திருக்கும், 2,000 டாலருக்கு 60, 80 டாலர். பிறகு உங்கள் வங்கி அதைத் திரும்ப ரூபாவாக்கும். எட்டு டாலரைப் பிடிக்கப் போய் எழுபதை விட்ட கதை. பேபாலில் கட்டுவதானால், கட்டும் பக்கத்தில் நாணயத் தெரிவைத் திறந்து, மாற்றுவதைக் கார்ட் வங்கியிடம் விடும்படி மாற்றிவிட்டே அடுத்த பட்டனை அழுத்துங்கள். அப்போதுதான் பேபால் மலிவு.

மெல்பனிலோ சிட்னியிலோ மச்சான், ராத்தா யாராவது இருந்தால் இரண்டையும் விட்டுவிடலாம். பி-பே என்ற முறையில் அவுஸ்திரேலிய வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் மேலதிகக் கட்டணமே இல்லை. நாணய மாற்றும் இல்லை. ஆனால் காசு போய்ச் சேரச் சில வேலைநாட்கள் பிடிக்கலாம். சேரும்வரை விண்ணப்பம் கொடுத்ததாகக் கணக்கில்லை. அவசரக்காரருக்கு இது சரிவராது.

6. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கட்டினால் எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். கனடாவுக்கு டொரொண்டோவிலிருக்கும் காக்கா கட்டினால் நல்லது, அவருடைய கார்டும் கனடா டாலர், கட்டணமும் கனடா டாலர். லண்டனிலிருப்பவர் பிரித்தானியக் கட்டணத்தைக் கட்டினால் கதை வேறு. விண்ணப்பம் இலங்கையிலிருந்து போவதால் பக்கம் டாலரில் கழிக்கும். பவுண் கட்டணம் டாலராகி, அவருடைய பவுண் கார்டில் மறுபடி பவுணாகும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குக் கட்டணம் எடுக்காத கார்ட் அவரிடம் இருந்தால் சேதம் குறைவு. இல்லாவிட்டால் இங்குள்ள டாலர் கார்டே மேல்.

7. யாருடைய கார்டில் கட்டுகிறீர்களோ, திரும்பி வரும் காசும் அந்தக் கார்டுக்கே போகும். பிரித்தானிய வீசா மறுக்கப்பட்டால் வீசாக் கட்டணம் திரும்பாது, ஆனால் சுகாதாரக் கட்டணம் முழுதும் திரும்பும். மேலே சொன்ன கணக்கில் அது 1,164 பவுண், சிறு காசல்ல. ஏஜென்டின் கார்டில் கட்டியிருந்தால் அவர் பின்னால் அலைய வேண்டும். பெரிய தொகையை வீட்டு ஆளின் கார்டில் மட்டும் கட்டுங்கள். அந்தக் கார்டைச் சில மாதங்களுக்கு மூடிவிடாதீர்கள்.

8. கட்டும் பக்கம் "ரூபாவில் கட்டவா, அவர்கள் நாணயத்தில் கட்டவா?" என்று கேட்டால், அவர்கள் நாணயத்தையே தெரிவுசெய்யுங்கள். ரூபாத் தொகையைக் கண்ணால் பார்க்கும்போது மனதுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த நிம்மதிக்கு விலையும் சேர்த்துத்தான் அந்தத் தொகை போடப்பட்டிருக்கிறது.

9. கடனட்டையா, டெபிட் கார்டா? புள்ளி சேரும், கழிவு கிடைக்கும் என்று கடனட்டை ஆசை காட்டும். தவணைத் திகதிக்குள் முழுத்தொகையும் கட்டினால் சரி. ஒரு மாதம் தவறினாலும் ஏறும் வட்டி, மேலே மிச்சம் பிடித்த அத்தனையையும் விழுங்கிவிடும். வட்டியை மார்க்க ரீதியாகவே ஒதுக்குகிற வீடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, டெபிட் கார்ட் போதும். 2011இல் வங்கியாகத் தொடங்கிய அமானா வங்கி வட்டியில்லா முறையில் இயங்குகிறது. வேறு சில வங்கிகளும் இஸ்லாமிய வங்கிப் பிரிவு வைத்திருக்கின்றன. அவற்றின் டெபிட் கார்டுக்கும் நாணய மாற்றுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆகவே இரண்டாம் குறிப்பிலுள்ள கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

10. கட்டுவதற்கு முதல் நாளே வங்கிக்கு போன் பண்ணி மூன்று விடயம் சரிபாருங்கள்: கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, ஒரு நாள் உச்ச வரம்பு எவ்வளவு, ஓ.டி.பி. வரும் போன் இலக்கம் இப்போது கையிலிருக்கும் சிம்தானா. பிரித்தானிய மாணவர் வீசாவில் சுகாதாரக் கட்டணம் முதலில் தனியாகவும், வீசாக் கட்டணம் பிறகு தனியாகவும் போகும். வரம்பு இரண்டுக்கும் போதாவிட்டால் நடுவில் நின்றுவிடும். கணக்கில் சரியான தொகையை மட்டும் போட்டுவைக்காமல் நூற்றுக்கு ஐந்தாவது கூட வையுங்கள், கழியும் விகிதம் பதிவாகும் நாளில் சற்று மாறலாம். வேலைநாள் காலையில் கட்டுவது நல்லது. வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிழைத்துப்போனால் கிளைக்குப் போய் விசாரிக்க நேரம் வேண்டுமல்லவா?

11. இந்திய இ-வீசாவுக்கு அரசாங்கக் கட்டணத்தோடு ஒரு சிறு வங்கிக் கழிவு மட்டுமே சேரும். அதிகமாகச் செலவாகியிருந்தால், அநேகமாக நீங்கள் போனது அரசாங்கத் தளமே அல்ல. தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் இந்தியக் கொடியும் தாஜ்மஹால் படமும் போட்டு அசலைப் போலவே இருக்கும். கேட்பது பல மடங்கு. அசல் முகவரி "ஜி.ஓ.வி. டொட் ஐ.என்." என்று முடியும். பிரித்தானியாவுக்கு "ஜி.ஓ.வி. டொட் யு.கே.", அவுஸ்திரேலியாவுக்கு "ஜி.ஓ.வி. டொட் ஏ.யு.", கனடாவுக்கு "கனடா டொட் சி.ஏ." அல்லது "ஜி.சி. டொட் சி.ஏ." முடிவைப் பார்த்துவிட்டே கார்டை எடுங்கள்.

இந்தியத் தளத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று தடவை கொடுப்பனவு பிழைத்தால் அந்த விண்ணப்ப இலக்கம் முடங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். முதல் தடவை பிழைத்ததுமே நின்று, கணக்கில் காசு கழிந்ததா என்று பார்த்து, பிறகு அடுத்ததைச் செய்யுங்கள். நோயாளியோடு துணைக்குப் போகிறவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

12. கார்ட் இல்லாதவர்கள் கொமியூனிகேஷன் கடையில் கட்டுகிறார்கள். அதில் பிழையில்லை, நமது ஊரில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. திரையில் தெரியும் வெளிநாட்டுத் தொகையை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கும் ரூபாவை அந்தத் தொகையால் பிரித்தால் ஒரு டாலருக்கு அவர் என்ன விலை போடுகிறார் என்பது வெளிச்சமாகும். கூலி வாங்கட்டும், அது நியாயம். ஆனால் கூலியைத் தனியாகச் சொல்லி வாங்கட்டும். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் இலக்கம்தான் இருக்க வேண்டும். கடையின் மின்னஞ்சலைப் போட்டால் பற்றுச்சீட்டும் முடிவும் அங்கே போய்ச் சேரும். பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் படியேற வேண்டும்.

13. எந்தக் கார்ட் என்று மண்டையை உடைப்பதைவிட, எந்த மாதம் என்று பார்ப்பது சில வேளை பெரிய மிச்சம். அவுஸ்திரேலியாவில் கட்டணம் மாறும் நாள் வழமையாக ஜூலை 1. அவர்களுடைய மாணவர் வீசா 2024 ஜூலை 1இல் ஒரே இரவில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, மறுவருடம் அதே நாளில் 2,000 ஆனது. ஜூன் மாதக் கடைசியில் கட்டியவரும் ஜூலை முதல் வாரத்தில் கட்டியவரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பிரித்தானியாவில் பெரும்பாலும் ஏப்ரல்: 2025 ஏப்ரல் 9இல் ஆறு மாதப் பார்வையாளர் வீசா 115 பவுணிலிருந்து 127 ஆனது. ஷெங்கன் 2024 ஜூன் 11இல் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. ஆவணங்கள் தயாரென்றால் இந்தத் திகதிகளுக்கு முன்னே கொடுத்துவிடுங்கள். தயாரில்லாமல் அவசரப்பட்டுக் கொடுத்து மறுக்கப்பட்டால் முழுக் கட்டணமும் போகும், அது வேறு.

14. கட்ட வேண்டாததைக் கட்டாதீர்கள். கனடாவுக்குக் கொடுத்த கைரேகை தற்காலிக வீசாக்களுக்குப் பத்து வருடம் செல்லும். அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் அந்த 85 கனடா டாலர் தேவையில்லை. குடும்பமாக ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் கைரேகைக்கு எத்தனை பேரானாலும் 170 டாலர்தான் உச்சம். ஷெங்கனில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணமில்லை, 6 முதல் 12க்குட்பட்ட பிள்ளைக்குப் பாதி. அமெரிக்காவுக்குக் கட்டிய 185 டாலர் பற்றுச்சீட்டு ஒரு வருடம் செல்லுபடியாகும், நேர்முகத் திகதி தள்ளிப்போனதற்காக இன்னொருதடவை கட்ட வேண்டாம். பிரித்தானியாவின் இரண்டு வருடப் பார்வையாளர் வீசா 2025 ஏப்ரல் 9இல் 475 பவுண் ஆனது, அதாவது ஆறு மாத வீசாவைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. இரண்டு வருடத்தில் நாலு தடவை போகாதவருக்கு அது வீண். கேட்ட காலத்தைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் மிச்சக் காசு வராது.

15. கொழும்பு விண்ணப்ப நிலையத்தில் குறுஞ்செய்தி, தனி அறை, படிவம் நிரப்புதல், புகைப்படப் பிரதி என்று பட்டியல் நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை, வீசா கிடைப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பிரதிகளை ஊரிலேயே எடுத்துப்போங்கள். கூரியர் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பாஸ்போட்டை எடுக்க மறுபடி இரவு முழுக்க பஸ்ஸில் போய்வருவதைவிட அது மலிவாகவே வரும். ரூபாவாகக் காசு வாங்கும் நிலையமானால் காசாகவே கொடுங்கள், கார்டின் சுமை எதுவும் ஏறாது.

16. "நல்ல ரேட் தருகிறேன், அங்கே என் ஆள் கட்டிவிடுவார்" என்று உண்டியல்காரர் சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் அனுமதியில்லாத நாணய மாற்று சட்டவிரோதம். அதைவிடப் பெரிய தொல்லை, யாரோ ஒருவரின் திருட்டுக் கார்டில் கட்டப்பட்ட கட்டணம் பின்னால் திரும்பப் பெறப்பட்டால், சிக்குவது உங்கள் பிள்ளையின் விண்ணப்பம்.

17. உம்ராவுக்கோ துபாய்ச் சுற்றுலாவுக்கோ முகவர் மூலம் போகிறவர்கள், மொத்தத் தொகையில் வீசாவுக்கு எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

18. கடைசியாக, வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு. கட்டார் வேலை வீசாவுக்கு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையொப்பம் எல்லாம் 2018இல் கொழும்பில் திறந்த கட்டார் வீசா நிலையத்தில் நடக்கின்றன. அதன் கட்டணத்தைக் கட்டுவது வேலை கொடுப்பவர். அந்தக் கட்டணம் என்று சொல்லி ஊரில் யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டுக் கேளுங்கள், தராவிட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடுங்கள்.